பெருநகரம் மதத்தைக் கரைக்கிறதா?
லண்டனின் மதக் கணக்கெடுப்புகளை முன்வைத்து

கேள்வி

ஊர்ப்புறத்தில் பக்தி, நகரத்தில் அவிசுவாசம் என்கிற பிரிவினை நம் பொதுப்புத்தியில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. கிராமத்தில் கோயிலும் சாதியும் உறவும் மனிதரைக் கட்டி வைத்திருக்கின்றன. நகரத்துக்கு வந்தவர் அந்தக் கட்டிலிருந்து விடுபடுகிறார். படிப்பும் சம்பளமும் தனிமையும் சேர்ந்து அவருடைய மதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகின்றன. ஐரோப்பியச் சமூகவியல் இந்தக் கதையை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்திருக்கிறது. நாமும் அதை அவ்வளவாகக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கதையைச் சோதித்துப் பார்க்க லண்டனைவிடப் பொருத்தமான நகரம் இல்லை. தொழிற்புரட்சிக் காலத்துப் பெருநகரங்களில் தலையாயது அது. மதச்சார்பின்மை ஓர் இயக்கமாக முதலில் உருப்பெற்ற இடமும் அதுதான். 1851 தொடங்கி இன்றுவரை மதம் குறித்த பலவகைக் கணக்குகள் அங்கே எடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கிறது. லண்டனில் எம்மதமும் சாராதோர் பெருகிவருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் இங்கிலாந்தின் பிற பகுதிகள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால், மதமற்றோரின் விகிதம் மிகக் குறைவாக உள்ள பகுதி லண்டன்தான். இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் ஒரு தெளிவு. அரசு எந்த மதத்தையும் சாராதிருப்பதை மதச்சார்பின்மை என்றும், தனி மனிதர் தம்மை எந்த மதத்தோடும் இணைத்துக்கொள்ளாதிருப்பதை மதமின்மை என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். பிரித்தானியாவில் இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் போயிருக்கின்றன.

படிவம் எதைக் கேட்கிறது

எண்களுக்குள் நுழையும் முன் அவை பிறக்கும் இடத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனிநபரின் மதம் முதன்முதலாகக் கேட்கப்பட்டது 2001இல்தான். அந்தக் கணக்கெடுப்பின் பிற கேள்விகளுக்கு விடையளிப்பது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. இந்த ஒரு கேள்வியை மட்டும் விருப்பத்துக்கு விட்டார்கள். அதற்கென்றே 2000இல் சட்டத்திருத்தம் வந்தது. 2021இல் 6.0 விழுக்காட்டினர் விடையளிக்காமல் விட்டார்கள்.

இந்தக் கேள்வி வேண்டும் என்று முனைப்புடன் வாதாடியவர்களில் முஸ்லிம் அமைப்புகள் முக்கியமானவை. பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர் என்று இனவாரியாகக் கணக்கெடுத்தால் முஸ்லிம்கள் என்ற முறையில் தாங்கள் சந்திக்கும் பாகுபாடு பதிவாகாமல் போகிறது என்பது அவர்களுடைய வாதம். ஆக, இந்தக் கேள்வி பிறந்ததே நம்பிக்கையை அளப்பதற்கு அல்ல, அடையாளத்தை எண்ணுவதற்கு. 2001 படிவத்தில் இனம் குறித்த கேள்விக்குச் சற்றுப் பின்னால் மதம் குறித்த கேள்வி வந்தது. ‘உங்கள் மதம் என்ன?’ என்பது கேள்வி. ஒவ்வொருவருக்கும் ஒரு மதம் இருந்தாக வேண்டும் என்ற அனுமானம் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ‘மதம் இல்லை’ என்பது கட்டங்களின் வரிசையில் முதலாவதாக இருந்தும்கூட, வெள்ளை இனத்தவர் என்று குறித்த கையோடு கிறித்தவர் என்றும் குறித்தவர்கள் ஏராளம்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. பிரித்தானியச் சமூக மனப்பான்மை ஆய்வு அதே சமூகத்திடம் வேறு விதமாகக் கேட்கிறது: எந்த மதத்தையாவது சேர்ந்தவராக உங்களைக் கருதுகிறீர்களா என்று. அங்கே 2018இல் 52 விழுக்காட்டினர் இல்லை என்றார்கள். 2011 கணக்கெடுப்பில் மதமற்றோர் 25.2 விழுக்காடு மட்டுமே. ஏழாண்டு இடைவெளி இத்தனை பெரிய வேறுபாட்டை விளக்கிவிடாது. கேள்வியின் அமைப்புதான் பெரும்பகுதியை விளக்குகிறது. மானிடவியலாளர் ஏபி டே, கடவுளைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாத பலர் படிவத்தில் கிறித்தவர் என்று குறிப்பதைத் தம் நேர்காணல்களின் வழி ஆராய்ந்து 2011இல் நூலாக்கினார். குடும்பம், பிறப்பு, ஊர், ‘நம்மவர்’ என்கிற உணர்வு ஆகியவற்றுக்கான பெயராகவே அவர்களுக்குக் கிறித்தவம் இருந்தது.

எனவே கணக்கெடுப்பு தரும் எண்களைப் பக்தியின் அளவாகக் கொள்ளக் கூடாது. ஒரு மனிதர் தம்மை எந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ண இசைகிறார் என்பதையே அவை சொல்கின்றன. அந்த வரம்புக்குள் அவை மிகுந்த பயனுடையவை.

1851: நகரத்தின் மேல் விழுந்த பழி

1851 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் வழிபாட்டிடங்களுக்கு அன்று எத்தனை பேர் வந்தார்கள் என்று காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் தலைகள் எண்ணப்பட்டன. அறிக்கையைத் தயாரித்தவர் ஹொரேஸ் மன் என்ற வழக்கறிஞர். வர முடிந்தும் வராதவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். வராதவர்கள் குவிந்திருந்த இடங்களாக லண்டனும் வடக்கத்தித் தொழில் நகரங்களும் தெரிந்தன. விக்டோரியா காலத்துப் பிரித்தானியாவுக்கு இது பேரதிர்ச்சி. பெருநகரத்துத் தொழிலாளி தேவாலயத்தைக் கைவிட்டுவிட்டான் என்ற முடிவு அன்று எழுதப்பட்டது. பின்னாளில் லண்டன் ஆயரான விண்ணிங்டன்-இங்ராம் இதை வேறு கோணத்தில் பார்த்தார்: திருச்சபை பெருநகரங்களை இழக்கவில்லை, அவை என்றுமே அதன் கையில் இருந்ததில்லை என்ற பொருள்பட அவர் 1890களில் எழுதினார்.

அதே 1851இல்தான் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் தம் இயக்கத்துக்கு மதச்சார்பின்மை என்று பெயர் சூட்டினார். 1866இல் சார்லஸ் பிராட்லா தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் 1880இல் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கடவுள் பெயரால் உறுதிமொழி எடுப்பது பற்றிய தகராறில் 1886 வரை தம் இருக்கையில் முறையாக அமர முடியவில்லை. இந்த அலை சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1882 முதல் 1888 வரை சென்னையிலிருந்து வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ லண்டன் சுயசிந்தனையாளர்களோடு நேரடி உறவு பூண்ட இதழ். தமிழில் நாத்திகத்தின் வரலாற்றைச் சுயமரியாதை இயக்கத்திலிருந்து தொடங்குவோர் இந்த நாற்பதாண்டு முன்வரலாற்றைத் தவறவிடுகிறார்கள். பிராட்லாவின் தோழராக இருந்த அன்னி பெசன்ட் பிற்பாடு பிரம்மஞானியாகி அடையாறு வந்தது அந்த வரலாற்றின் எதிர்த்திசை. 1891இல் பிராட்லா இறந்தபோது அடக்கத்துக்குப் போன லண்டன்வாழ் இந்தியர்களில் சட்ட மாணவரான காந்தியும் ஒருவர்.

ஆக, நகரமும் மதமின்மையும் ஒன்றாகவே வளர்ந்தன என்று எண்ணப் போதிய காரணம் இருந்தது. 1902-03இல் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழ் லண்டனில் எடுத்த கணக்கு, பதினாறாண்டுக்கு முந்தைய கணக்கோடு ஒப்பிடுகையில் மக்கள்தொகை கூடியும் வழிபாட்டுக்கு வருவோர் குறைந்திருப்பதைக் காட்டியது. எண்பது ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி காக்ஸ் லாம்பெத் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு 1870-1930 காலத்தை நுணுகி ஆராய்ந்தபோது வேறொரு சித்திரம் கிடைத்தது. ஏழைகளுக்கு உதவி, பள்ளி, மருத்துவம் என்று தேவாலயங்கள் சுமந்த வேலைகளை அரசும் நகராட்சியும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியதும் தேவாலயத்துக்கு அன்றாட வாழ்க்கையில் இருந்த இடம் சுருங்கியது என்பது அவருடைய வாதம். இன்னொரு வரலாற்றாசிரியரான கேலம் பிரௌன் 2001இல் இன்னும் ஒரு படி மேலே போனார். நகரமயமாதல் பிரித்தானியக் கிறித்தவத்தை அழிக்கவில்லை. 1960களில் பெண்கள் தங்கள் அடையாளத்தைப் பக்தியிலிருந்து பிரித்துக்கொண்டதே திருப்புமுனை என்றார். 1960கள் பற்றிய அவருடைய முடிவை முழுமையாக ஏற்காதவர்களும் ஒன்றை ஏற்றாக வேண்டும்: நகரம் என்ற ஒற்றைக் காரணம் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது.

தலைகீழான வரிசை

இனி அண்மைய எண்களுக்கு வருவோம். லண்டனில் கிறித்தவர் என்று குறித்தோர் 2001இல் 58.2 விழுக்காடு, 2011இல் 48.4, 2021இல் 40.7. மதம் இல்லை என்றோர் அதே வரிசையில் 15.8, 20.7, 27.1. முஸ்லிம்கள் 8.5, 12.4, 15.0. இந்துக்கள் 4.1, 5.0, 5.1. 2021இல் நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 88 லட்சம். அதாவது லண்டன்வாசிகளில் 24 லட்சம் பேர் அளவில் எந்த மதத்தையும் குறிக்கவில்லை.

இதை மட்டும் பார்த்தால் பழைய கதை உறுதியானதுபோல் தோன்றும். ஆனால் பக்கத்திலேயே நாட்டின் எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் கிறித்தவர் 71.7 விழுக்காட்டிலிருந்து 59.3க்கும், 2021இல் 46.2க்கும் சரிந்தனர். மதமற்றோர் 14.8இலிருந்து 25.2க்கும், பிறகு 37.2க்கும் உயர்ந்தனர். 2001இல் லண்டன் நாட்டைவிட ஒரு புள்ளி அளவுக்கு மதமின்மை கூடிய இடம். இருபதே ஆண்டுகளில் அது நாட்டைவிடப் பத்துப் புள்ளி பின்தங்கிவிட்டது. கடைசிப் பத்தாண்டில் நாடு 12 புள்ளி நகர்ந்தபோது லண்டன் நகர்ந்தது 6.4 புள்ளிதான்.

உள்ளாட்சி வாரியாகப் பார்த்தால் படம் இன்னும் கூர்மையாகிறது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து மதமற்றோர் மிகுந்த உள்ளாட்சி கெர்ஃபில்லி: 56.7 விழுக்காடு. தெற்கு வேல்ஸில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பள்ளத்தாக்குப் பகுதி அது. சிறு சிறு ஊர்கள். ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு சீர்திருத்தச் சபைக் கோயில் என்று பக்திக்குப் பேர்போன நிலம். மறுமுனையில், மதமற்றோர் மிகக் குறைந்த உள்ளாட்சி லண்டனின் வடமேற்கில் உள்ள ஹாரோ: 10.6 விழுக்காடு. அதற்கு அடுத்தது கிழக்கு லண்டனின் ரெட்பிரிட்ஜ்: 12.6. ஹொரேஸ் மன் இன்று வந்து பார்த்தால் தம் அறிக்கையை முற்றிலும் மாற்றி எழுத நேரும்.

வயதைக் காரணம் காட்டவும் வழியில்லை. லண்டன் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட இளைய நகரம். 2021 கணக்குப்படி கிறித்தவரின் இடைநிலை வயது 51. மதமற்றோரின் இடைநிலை வயது 32. இளையோர் மிகுந்த இடத்தில் மதமின்மை கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. லண்டன் அந்த எதிர்பார்ப்பையும் பொய்யாக்குகிறது.

அடையாளத்தை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்த்தாலும் இதே போக்குதான். பீட்டர் பிரயர்லி 2012இல் நடத்திய லண்டன் தேவாலயக் கணக்கெடுப்பு, 2005ஐ ஒப்பிட ஞாயிறு வழிபாட்டுக்கு வருவோர் 16 விழுக்காடு கூடி ஏழு லட்சத்தைத் தாண்டிவிட்டதையும், ஏறத்தாழ எழுநூறு சபைகள் கூடியிருப்பதையும் பதிவுசெய்தது. நாட்டின் மற்றப் பகுதிகளில் வீழ்ச்சி தொடர்ந்த ஆண்டுகள் அவை. தியோஸ் நிறுவனத்தின் 2020 ஆய்வில் லண்டன்வாசிகளில் 62 விழுக்காட்டினர் தங்களை மதம் சார்ந்தவர்கள் என்றனர். வெளியே 53 விழுக்காடு. தவறாமல் வழிபாட்டுக்குப் போவோர் லண்டனில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், வெளியே பத்தில் ஒருவர். தியோஸ் கிறித்தவப் பின்புலம் கொண்ட சிந்தனையகம் என்பதை நினைவில் வைத்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் கணக்கெடுப்பின் போக்கோடு இது ஒத்துப்போகிறது.

இரு விளக்கங்கள்

விடை குடிப்பெயர்வில் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். வெள்ளைப் பிரித்தானியர் லண்டனில் 2001இல் 59.8 விழுக்காடு, 2021இல் 36.8. வெளிநாட்டில் பிறந்தோர் அதே காலத்தில் 27.1இலிருந்து 40.6ஆகக் கூடினர். நைஜீரியாவிலிருந்தும் கானாவிலிருந்தும் பெந்தெகொஸ்தே கிறித்தவர்கள், போலந்திலிருந்து கத்தோலிக்கர்கள், வங்கதேசத்திலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் முஸ்லிம்கள், குஜராத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இந்துக்கள். ஒரு பக்கம் வடிந்துகொண்டிருக்கும் குளத்துக்கு மறுபக்கம் வாய்க்கால் வெட்டியதுபோல. இது சரிதான். ஆனால் வந்தவர்கள் ஏன் மதத்தை விடவில்லை என்பதை இது விளக்கவில்லை. நகரம் கரைக்கும் என்றால் அவர்களையும் கரைத்திருக்க வேண்டும்.

இங்கேதான் இரு கோட்பாடுகள் மோதுகின்றன. முதலாவது, அமெரிக்கச் சமூகவியலாளர்கள் ராட்னி ஸ்டார்க், ரோஜர் ஃபிங்க் போன்றோர் வளர்த்தெடுத்த மதச் சந்தைக் கோட்பாடு. பல மதங்களும் சபைகளும் போட்டியிடும் இடத்தில் ஒவ்வொன்றும் மக்களைக் கவரப் பாடுபடும். அதனால் மொத்தப் பக்தி கூடும். ஒற்றை அரசுத் திருச்சபை சோம்பிப்போகும். லண்டன் இதற்குக் கச்சிதமான சான்றாகத் தோன்றும். எனக்கு இது திருப்தி தரவில்லை. சந்தை என்றால் வாங்குவோர் கடை மாற வேண்டும். லண்டனில் பெரும்பாலோர் கடை மாறவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்ததையே வைத்திருக்கிறார்கள். அதே பன்மை நிறைந்த நகரத்தில்தான் ஐலிங்டன், கேம்டன் போன்ற உள்நகரப் பகுதிகளில் மதமற்றோர் நகரச் சராசரியைவிட மிகவும் கூடுதலாக இருக்கிறார்கள். அவர்கள் தெருவிலும் எல்லா மதத்து வழிபாட்டிடங்களும் உண்டு. போட்டி அவர்களைத் தொடவேயில்லை.

இரண்டாவது, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்டீவ் புரூஸின் விளக்கம். நவீனமயமாதல் மதத்தைத் தேய்க்கும் என்பதில் உறுதியாக இருப்பவர் அவர். மதம் இவ்வுலகில் வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடங்களில் மட்டும் அந்தத் தேய்வு தடைப்படும் என்கிறார். ஓர் இனம் தன்னைக் காத்துக்கொள்ளும் அரணாக மதம் அமைவது அப்படி ஒரு வேலை. புதிய மண்ணில் காலூன்றும் இடைக்காலத்தில் துணைநிற்பது இன்னொன்று. வீடு பார்த்துத் தருவது, வேலைக்குச் சொல்வது, பிள்ளைக்குப் பெண் பார்ப்பது, இறந்தவரை அடக்கம் செய்ய ஆள் சேர்ப்பது எல்லாம் அங்கேதான் நடக்கும். காக்ஸ் லாம்பெத்தில் கண்டது இதன் மறுபுறம். தேவாலயத்திடமிருந்து அரசு எடுத்துக்கொண்ட வேலைகளை, அரசு எட்டாத குடியேறிகளுக்காக மசூதியும் கோயிலும் பெந்தெகொஸ்தே சபையும் மீண்டும் செய்கின்றன. அதே லாம்பெத்திலும் அண்டையிலுள்ள சதக்கிலும் இது நடக்கிறது.

புரூஸின் தர்க்கப்படி லண்டனின் பக்தி ஒரு தாமதமே, காலூன்றியதும் கரையும். அவர் பாதி சரி என்பதே என் முடிவு. மதம் எங்கே உடைகிறது என்பதை டேவிட் வோயஸ், அலஸ்டேர் கிராக்கெட் இருவரும் 2005இல் தெளிவாகக் காட்டினார்கள். பெற்றோர் இருவரும் பக்தியுள்ளவர்களாக இருந்தால் பிள்ளைக்கு அது கைமாறும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதி. ஒருவர் மட்டும் என்றால் அதிலும் பாதி. இருவருக்கும் இல்லையென்றால் பிள்ளைக்கும் அநேகமாக இல்லை. ஆக, மதம் உடையும் இடம் சாப்பாட்டு மேசை, தொழிற்சாலை அல்ல. கெர்ஃபில்லியில் நகரமும் இல்லை, பன்மையும் இல்லை. தாத்தாவிடமிருந்து பேரனுக்குப் போகும் வழி அறுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் இந்தப் ‘பாதி’ என்பது எல்லாச் சமூகத்துக்கும் பொது அல்ல. கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஸ்கூர்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2003 குடிமக்கள் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, வளர்ந்த மதத்தை இன்றும் கைக்கொள்வோர் முஸ்லிம்களில் 77 விழுக்காடு, கிறித்தவர்களில் 29 விழுக்காடு, பிற மதத்தவரில் 65 விழுக்காடு என்று கண்டனர். குர்ஆன் ஓதக் கற்கும் மாலை வகுப்பு, நோன்பு, உணவு விதி என்று சிறு வயதிலேயே உடலில் பழகும் ஒழுங்குகள் இதற்குக் காரணம் என்பது அவர்களுடைய விளக்கம். இதை வெறும் தாமதம் என்று ஒதுக்க முடியாது.

கட்டடங்கள் சொல்வது

கிழக்கு லண்டனில் பிரிக் லேனும் ஃபூர்னியர் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. பிரான்சில் துன்புறுத்தலுக்கு ஆளாகி ஓடிவந்த ஹியூகனாட் புரோட்டஸ்டன்டுகள் அதை 1743இல் கட்டினர். பட்டு நெசவாளர்கள் அவர்கள். நெசவு நசிந்து அவர்கள் கலைந்த பின், 1809இல் யூதர்களைக் கிறித்தவராக்கப் புறப்பட்ட ஒரு சங்கத்தின் கைக்குப் போனது. மதம் மாறியவர்கள் மிகச் சிலரே. பத்தாண்டில் அது மெதடிஸ்டுகளிடம் சேர்ந்தது. ருஷ்யப் பேரரசின் கொடுமைக்குத் தப்பி யூதர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய காலத்தில், 1890களின் இறுதியில், யூத வழிபாட்டிடமாயிற்று. தையல் தொழிலில் முன்னேறி அவர்கள் வடக்குப் புறநகர்களுக்குப் பெயர்ந்தார்கள். 1976இல் சில்ஹெட் பகுதி வங்காளிகள் அதை மசூதியாக்கினார்கள். சுவரில் 1743இல் பதித்த சூரியக் கடிகாரம் இன்னும் இருக்கிறது.

லண்டனின் பன்மைக்கு அடையாளமாக இந்தக் கட்டடத்தை எல்லோரும் காட்டுகிறார்கள். அதன் வரலாறு எனக்குச் சொல்வது வேறு. ஒவ்வொரு கூட்டமும் வறுமையில் வந்து, வழிபாட்டிடத்தைச் சுற்றி நிமிர்ந்து, பிறகு தெருவைவிட்டுப் போயிருக்கிறது. போனவர்களில் ஹியூகனாட்டுகள் மதத்தோடு அடையாளத்தையும் இழந்து ஆங்கிலேயரோடு கலந்தார்கள். யூதர்களோ வழிபாட்டுக்குப் போவது குறைந்தபோதும் யூதர்களாகவே எஞ்சினார்கள். காலூன்றிய பின் என்ன ஆகும் என்பதற்கு ஒரே விடை இல்லை என்பதற்கு ஒரே தெருவில் கிடைக்கும் சான்று இது.

தெற்கே சதக் பகுதியில், ரோஹாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக உள்ள 240 சபைகளை ஒரே உள்ளாட்சிக்குள் எண்ணினார்கள். பல சபைகள் ஓல்ட் கென்ட் சாலையை ஒட்டிய கிடங்குகளிலும் பட்டறைகளிலும் கூடுகின்றன. வாரநாளில் வாகனம் பழுதுபார்க்கும் வரிசைக் கடைகளுக்கு மேல்மாடியில், ஞாயிறு காலை மடக்கு நாற்காலிகள் விரிகின்றன. ஒலிபெருக்கி, தாள இசைக்கருவிகள், தலைப்பாகை கட்டிய பெண்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் ஆராதனை. வாகன நெரிசல், இரைச்சல், தொழில் கட்டடத்தை வழிபாட்டுக்குப் பயன்படுத்த அனுமதி என்று நகராட்சியோடு ஓயாத இழுபறி. ஃபின்ஸ்பரி பார்க்கில் ரெயின்போ அரங்கம் 1995இல் பிரேசிலிலிருந்து வந்த ஒரு சபையின் கோயிலானது. முன்பு திரைப்பட மாளிகையாகவும் ராக் இசைக் கச்சேரிகளுக்குப் புகழ்பெற்ற இடமாகவும் இருந்தது அது. அதே நகரத்தில் வசதியான பகுதிகளின் விக்டோரியா காலத்துத் தேவாலயங்கள் அடுக்கக வீடுகளாக மாறிவருகின்றன.

தமிழர்களின் லண்டன்

ஹைகேட்டில் யூத வழிபாட்டிடமாக இருந்த கட்டடத்தில் இன்று முருகன் கோயில். விம்பிள்டன் கணபதி கோயில் 1981இலிருந்து இயங்குகிறது. 1983 கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர் வருகை பெருகியதும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், லூயிஷம், வெஸ்ட் ஈலிங் என்று கோயில்கள் பரவின. வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் தேர். வடம் பிடிப்போர் ஆயிரக்கணக்கில். புறநகர்த் தெருவில் தேங்காய் உடைபட்டுச் சிதறுகிறது, காவடி வருகிறது, பால்குடம் வருகிறது, காவல்துறை போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறது. வன்னியில் போர் நடந்த ஆண்டுகளில் புலம்பெயர் கோயில்கள் பலவும் நிவாரணத்துக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் நிதி திரட்டின. புரூஸ் சொன்ன இரண்டு வேலைகளையும், அரணாகவும் துணையாகவும், ஒருசேரச் செய்த கோயில்கள் இவை.

ஆனால் சைவக் குடும்பங்களில் மதம் கைமாறும் விதம் மசூதியின் மாலை வகுப்பைப்போல் அல்ல. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி, பரதநாட்டிய அரங்கேற்றம், பண்ணிசைப் போட்டி, திருவிழா ஆகியவற்றின் ஊடாகவே பிள்ளை தேவாரத்தைக் கேட்கிறது. மொழியும் கலையும் மதமும் ஒரே பொட்டலமாக வருகின்றன. மொழி தளர்ந்தால் பொட்டலம் முழுவதும் தளரும். தமிழ் படிக்கத் தெரியாத இருபது வயதுப் பெண் தேருக்கு வருவாள். அர்ச்சனையின் பொருளைக் கேட்டால் விழிப்பாள். படிவத்தில் இந்து என்று குறிப்பாள். ஏபி டே ஆங்கிலேயக் கிறித்தவர்களிடம் கண்டதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு இருக்கிறது. இதைப் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அகதியாக வந்த சமூகத்துக்கு ‘நாம்’ என்று சொல்லிக்கொள்ளும் இடம் எவ்வளவு இன்றியமையாதது என்பதை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்லத் துணியார். ஆனால் 2001க்கும் 2021க்கும் இடையே கிறித்தவர் எண்ணிக்கையைச் சரித்ததும் இதே வகைப் பிணைப்பின் தளர்ச்சிதான். பக்தியற்ற அடையாளம் ஒரு தலைமுறை நிற்கிறது. அடுத்த தலைமுறைக்கு அதைக் கையளிக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

அரசும் மதமற்றோரும்

நாட்டில் மூன்றில் ஒருவருக்கும் மேல் மதம் இல்லை என்கிறார்கள். அரசோ மதம் சார்ந்தது. இங்கிலாந்து திருச்சபையின் 26 ஆயர்கள் பிரபுக்கள் அவையில் அமர்ந்து சட்டத்தில் வாக்களிக்கிறார்கள். அரசு நிதி பெறும் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று மதப் பின்புலம் கொண்டது. பெயரெடுத்த தேவாலயப் பள்ளியில் இடம் வாங்க, நம்பிக்கை இல்லாத பெற்றோர் ஓரிரு ஆண்டுகள் ஞாயிறுதோறும் வழிபாட்டுக்குப் போவது லண்டனில் அனைவரும் அறிந்த வழக்கம். வழிபாட்டு எண்ணிக்கையில் இவர்களும் அடக்கம்.

மதமற்றோர் ஓர் அணியாகத் திரளாததும் கவனிக்கத்தக்கது. சமூகவியலாளர் லிண்டா உட்ஹெட் சுட்டிக்காட்டியதுபோல், இவர்களில் உறுதியான நாத்திகர்கள் சிறுபான்மையே. கடவுள் உண்டோ இல்லையோ என்று விட்டுவிட்டவர்களும் ஏதோ ஒரு சக்தியை நம்புகிறவர்களும் மிகுதி. பிராட்லாவின் வாரிசுகள் என்று இவர்களைக் கொண்டாட முடியாது. ரெட் லயன் சதுக்கத்தில் 1929இல் திறந்த கான்வே மண்டபத்தில் சுயசிந்தனையாளர் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன. அந்த 24 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் அந்த வாசலை மிதித்ததில்லை. போராடிப் பெற்ற மதமின்மைக்கும் தானாக வந்து சேர்ந்த மதமின்மைக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. தத்துவ விவேசினியும் சுயமரியாதை இயக்கமும் சாதியையும் புரோகிதத்தையும் எதிர்த்து வாதிட்டு வளர்த்த நாத்திகத்தை அறிந்த நமக்கு இந்த இடைவெளி எளிதில் விளங்கும்.

எஞ்சும் சிக்கல்

லண்டனைக் கொண்டு நகரம் மதத்தைக் கரைக்கிறது என்றோ காக்கிறது என்றோ சொல்ல இயலாது என்பதே என் வாதம். நகரம் யாரை உள்ளே கொண்டுவருகிறது, வந்தவர்களின் மதம் என்ன வேலை செய்கிறது, அது பிள்ளைகளுக்கு எந்த வழியில் போகிறது என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எண்கள் பேசும். இதில் மூன்றாவதைத்தான் இன்றைய கணக்கெடுப்பு காட்டுவதேயில்லை. எந்த மதத்தில் வளர்ந்தீர்கள் என்ற கேள்வி படிவத்தில் இல்லை. அந்தக் கேள்வி இருந்தால் விட்டவர் யார், விடாதவர் யார், மாறியவர் யார் என்பது உள்ளாட்சி அளவில் தெரியவரும்.

இன்னொன்று, கணக்கெடுப்பு முறை சார்ந்தது. படிவம் வீட்டுக்கு ஒன்று. பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்து நிரப்புகிறார். பதினாறு வயது நிரம்பியவர் தனிப் படிவம் கேட்டு வாங்கலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அப்பாவுக்குத் தெரியாமல் கோயிலை விட்ட பிள்ளை அதைக் கேட்டு வாங்குமா? லண்டனின் வீட்டு வாடகை இளையோரைப் பெற்றோர் வீட்டிலேயே நீண்ட காலம் இருத்தி வைக்கிறது. ஹாரோ, ரெட்பிரிட்ஜ் போன்ற தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளில் இது இன்னும் கூடுதல். ஆகவே ஹாரோவில் மதமற்றோர் 10.6 விழுக்காடாகக் குறைந்திருப்பதில் எவ்வளவு மக்களின் சொந்தத் தேர்வு, எவ்வளவு குடும்பத் தலைவரின் கையெழுத்து என்பதைப் பிரிக்க வேண்டுமானால், வீட்டைவிட்டு வெளியேறித் தனியே வாழும் அதே வயதினரின் விடைகளோடு ஒப்பிட்டாக வேண்டும். 2031 கணக்கெடுப்பின் விரிவான அட்டவணைகளில் ஆய்வாளர்கள் முதலில் தேட வேண்டியது இந்த ஒப்பீட்டைத்தான்.